பொன்னாடை வேண்டாம், தூரத்தை அளந்து தாருங்கள்: மாரத்தான் விழாக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக்குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் அழைப்பிதழ் நேற்று கைக்கு வந்தது. வழவழப்பான காகிதத்தில் கடலும் பாறையும் வள்ளுவர் சிலையும் பின்னணி. ‘மாபெரும் மாரத்தான்’ என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். எவ்வளவு தூரம் என்று தேடினால், அடியில் எறும்பு எழுத்தில் ‘5 கி.மீ.’ சென்ற ஆண்டு வரை நடந்த 21 கிலோமீட்டர் ஓட்டம் ‘பங்கேற்பாளர்களின் பாதுகாப்பு கருதி’ கைவிடப்பட்டதாக ஒரு வரி. சிறப்பு விருந்தினர் பட்டியலின் கடைசியில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, என் பெயர்.

நான் வரப்போவதில்லை. காரணத்தைச் செயலாளரிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சென்ற ஓட்டம் முடிந்த பிறகு உங்களுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை என்பதால் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

பொன்னாடைக்காக என்னை அழைக்கிறீர்கள் என்பது தெரியும். வீட்டில் ஏற்கெனவே 31 பொன்னாடைகள் இருக்கின்றன. வியர்வை துடைக்கக்கூட உதவாத துணி.

நான் பிறந்தது குலசேகரம் பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடிய மூன்றரை மணிக்கு விளக்கோடு புறப்படுவார், கூடவே நானும். அவர் கத்தி வைப்பதற்கு முன்பாக, முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது என் வேலை. அவர் ஒரு மரத்தை வெட்டி முடிப்பதற்குள் நான் அடுத்த மரத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரு காலைக்கு முந்நூறு மரம். மேடும் பள்ளமும், அட்டையும் சருகும். பிந்தினால் திட்டு விழும். ஓட்டம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்போது அப்பா அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். இரவெல்லாம் நீர் ஏறி மரம் விம்மி நிற்கும் நேரத்தில் வெட்டினால்தான் சிரட்டை நிறையும். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

1982இல் ராணுவத்தில் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கெல்லாம் சிவ்நாத் சிங்தான் பேச்சு. அவரும் ராணுவத்துக்காரர். காலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஓடியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவதாக வந்தார். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நேரத்தை எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை. என் சிறந்த நேரம் 1989இல் ஓடிய 2 மணி 25 நிமிடம் 40 நொடி. நான் கோட்டைத் தொடும்போது சிவ்நாத் சிங் சட்டை மாற்றித் தேநீரும் குடித்து முடித்திருப்பார். ஆகவே என்னை ‘மாபெரும் வீரர்’ என்றெல்லாம் மேடையில் அறிமுகப்படுத்தாதீர்கள், கூச்சமாக இருக்கிறது. 19 முழு மாரத்தான் தொடங்கினேன், 17ஐ முடித்தேன். இந்தியாவின் பெயர் போட்ட பனியனை ஒரு நாளும் போட்டதில்லை. குதிகால் தசைநாண் அறுந்து 1997இல் போட்டியை விட்டேன். வலது பெருவிரல் நகம் இன்றும் ஒழுங்காக வளர்வதில்லை.

ஆனால் தூரம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். வாரத்துக்கு 150, 160 கிலோமீட்டர் என்று பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். முதல் மாரத்தானில் 33ஆவது கிலோமீட்டரில் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ அந்த இடத்தில் தீரும். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் என்பது கல்லில் எழுதிய எண்ணாக இருக்காது. ஒவ்வொரு நூறு மீட்டரும் தனித்தனியாகக் கடன்காரனைப்போல வந்து நிற்கும். அப்படி ஓடியவனிடம் வந்து, ‘ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பின் இருந்தால் என்ன, அண்ணாச்சி’ என்று உங்கள் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்த மடல்.

சென்ற பிப்ரவரியில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓட்டம். காலை 5.30க்குத் தொடக்கம் என்று அறிவித்திருந்தீர்கள். மலையோரப் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து, வேன் பிடித்து, ஐந்து மணிக்கெல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். தலைமை விருந்தினர் வரவில்லை. ஆறு மணி ஆனது. பாட்டுப் போட்டீர்கள். ஆறரை ஆனது. நடன உடற்பயிற்சி என்று பிள்ளைகளைக் குதிக்க வைத்தீர்கள். 21 கிலோமீட்டர் ஓட வந்தவர்களை அரை மணி நேரம் குதிக்க வைத்த ஓட்டப்பந்தயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விருந்தினர் வந்து, பேசி, கொடி அசைத்தபோது மணி 7.10.

கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் என்று தென்கிழக்காகப் போகும் சாலை அது. அந்த நேரத்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சுசீந்திரம் பழையாற்றுப் பாலம் தாண்டிவிட்டால் இருபுறமும் வயல், குளம். நிழல் குறைவு. கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியுமே தவிர உலராது, வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. முதல் தண்ணீர் மேசையை ஒன்பதாவது கிலோமீட்டரில் போட்டிருந்தீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்பது சாதாரண வழக்கம், இந்த வெயிலுக்கு அதுவே போதாது.

என்னிடம் பயிற்சி பெறும் பெண்பிள்ளை ஒருத்தி, கல்லூரியில் முதலாண்டு, கொட்டாரம் பக்கம் வந்தபோது கோணல்மாணலாக ஓட ஆரம்பித்தாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. அடுத்த பத்தடியில் சாலையோரம் சரிந்தாள். தொட்டால் தோல் கொதித்தது. உங்கள் தொண்டர்கள் இருவர் ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குற்றம் அவர்களுடையது இல்லை. ஒருவர் குளுக்கோஸ் தண்ணீரை அவள் வாயில் ஊற்றப் பார்த்தார். அரை நினைவில் இருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அது தொடக்கக் கோட்டில், விருந்தினரின் காருக்குப் பின்னால் நின்றிருந்தது.

அந்த நேரத்தில் மொபெட்டில் மீன் கொண்டுபோகும் ஒரு அண்ணாச்சி நின்று பார்த்தார். பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேலே கிடந்த சாளையை அப்படியே ஒரு சாக்கில் கவிழ்த்துவிட்டு, ஐஸ் முழுவதையும் அள்ளித் தந்தார். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் வைத்துக் கட்டினோம். டீக்கடைக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தலையிலிருந்து ஊற்றினார். ஒரு மூங்கில் தட்டியை எடுத்து விசிறினோம். பதினைந்து நிமிடம் கழித்து அவள் கண் திறந்து, ‘சாரே, எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?’ என்று கேட்டாள். உடம்பெல்லாம் மீன் வாடை. தொண்டர்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் உடலின் உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போய்விடும். அரை மணி நேரத்துக்குள் இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், தாமதித்தால் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். அதனால்தான் முதலில் குளிரவை, பிறகு தூக்கிப் போ என்பது நெடுந்தூர ஓட்டங்களில் மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பெரிய தொட்டியில் ஐஸும் தண்ணீரும் வைத்திருந்தால் போதும். அன்றைக்கு அதை வைத்திருந்தவர் மீன் அண்ணாச்சி மட்டும்தான்.

இந்தச் சம்பவத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் எனக்குப் புரியவில்லை. தாமதத்துக்கு விருந்தினர் காரணம், அவரைக் கைவிடவில்லை. தண்ணீர் மேசை போதவில்லை, கூட்டவில்லை. 21 கிலோமீட்டரைக் கைவிட்டீர்கள். ஐந்தரைக்குத் தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளை கொட்டாரத்துக்கு ஏழு மணிக்கு வந்திருப்பாள். நம் மாவட்டத்தில் எந்தப் பால்வெட்டுக்காரரையும் கேளுங்கள், எந்த நேரத்தில் எந்த வேலையைச் செய்யக்கூடாது என்று சொல்வார். எழுத்தறியாத என் அப்பாவுக்குத் தெரிந்திருந்த செய்தி இது.

இனி தூரத்துக்கு வருகிறேன்.

பேச்சிப்பாறைப் பக்கத்துப் பையன் ஒருவன் உங்கள் ஓட்டத்தில் முதலிடம் பெற்றான். அவனுக்கு 1 மணி 11 நிமிடம் 20 நொடி என்று சான்றிதழ் கொடுத்தீர்கள். அதில் ‘21.1 கி.மீ.’ என்று அச்சிட்டிருந்தது. அவன் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அந்த நேரத்தை நம்பி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தான், அழைப்பும் வந்தது. அங்கே முறையாக அளந்த பாதையில் ஓடவிட்டார்கள். ஒரு மணி பதினாறரை நிமிடம். நேரம் பார்த்தவர் சான்றிதழையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இதை எங்கே அச்சடித்தாய்?’ என்று கேட்டாராம். பையன் திரும்பி வந்து மூன்று வாரம் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

உங்களிடம் கேட்டபோது காரில் போய் ஓடோமீட்டரைப் பார்த்து அளந்ததாகச் சொன்னீர்கள். நான் சைக்கிளை எடுத்தேன். சாலை ஓட்டத்தை அளக்க உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கருவி சைக்கிள்தான், பலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். முன்சக்கர அச்சில், சக்கரம் சுழலச் சுழல எண்ணிக்கொண்டே வரும் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறிய கருவியைப் பொருத்துவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 11,000 எண் ஓடும். அளப்பதற்கு முன், நேரான சாலையில் எஃகு நாடாவால் 300 மீட்டர் அளந்து குறியிட்டு, அதன்மேல் நான்கு முறை ஓட்டி, மீட்டருக்கு எத்தனை எண் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அளந்து முடித்த பிறகும் நான்கு முறை. வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரிந்து சக்கரம் ஒரு துளி பெருத்துவிடும், அந்தத் துளியையும் கணக்கில் சேர்க்கத்தான் இது. வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் போக வேண்டும். கடைசியில், பாதை குறைந்துபோகாமல் இருக்க ஆயிரத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

ராணுவக் கால நண்பர் ஒருவரிடம் எண்ணியை இரவல் வாங்கி, ஒரு ஞாயிறு விடிய நான்கு மணிக்கு, பின்னால் ஒரு மாணவன் பைக் விளக்கைப் போட்டுக்கொண்டு வர, உங்கள் பாதை முழுவதையும் அளந்தேன். 19,757 மீட்டர். அரை மாரத்தான் 21,097.5 மீட்டர். 1,340 மீட்டர் காணவில்லை. அந்தப் பையன் அன்று ஓடிய வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 4 நிமிடம் 50 நொடி ஆகும். அதையும் கூட்டினால் 1 மணி 16 நிமிடம் 10 நொடி. தேர்வில் அவன் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறான். பையன் பொய் சொல்லவில்லை, உங்கள் காகிதம் சொன்னது. கணக்குத் தாளை இரண்டாவது கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

‘மலைப்பக்கத்துப் பிள்ளைகளே எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், நகரத்துக் குடும்பங்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது’ என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். 5 கிலோமீட்டர் முடிவின் உண்மைக் காரணம் அதுதானோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். குடும்பங்கள் ஓடட்டும், தாத்தா பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும், பனியன் கொடுங்கள், படம் எடுங்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் 600 ரூபாய் கட்டணம் கட்டி மூன்று கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குபவருக்கு அது ஒரு ஞாயிறு காலை. காலை மூன்று மணிக்கு மரம் வெட்டும் அப்பாவுக்கு உதவிவிட்டு ஓட வரும் பிள்ளைக்கு அந்த 21 கிலோமீட்டர்தான் வெளியே போகும் வழி.

பக்கத்தில் வயநாட்டைப் பாருங்கள். அங்கிருந்து வந்த டி. கோபி 2016 மும்பை மாரத்தானில் வேறொருவர் வேகம் குறையாமல் ஓட, கூடவே ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கத்தான் வந்தார். வந்தவர் நிற்காமல் ஓடி, இந்தியர்களில் இரண்டாவதாக முடித்து, ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார். அடுத்த ஆண்டே ஆசிய மாரத்தான் சாம்பியன். அந்த மும்பைப் பாதை 1,340 மீட்டர் குறைவாக இருந்திருந்தால் அவருடைய நேரத்தை எந்த ஒலிம்பிக்கும் ஏற்றிருக்காது. அளந்த பாதையில் ஓடியதால்தான் அவருக்குக் கதவு திறந்தது.

மாரத்தான் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 1896 ஏதென்ஸில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடினார்கள். 1908 லண்டனில்தான் 42.195 வந்தது, 1921இல் அதுவே விதியானது. அதற்குப் பின் நூறு ஆண்டுகளாக அந்தக் கடைசி 195 மீட்டரைக்கூட யாரும் தள்ளுபடி செய்ததில்லை. நீங்கள் 37 கிலோமீட்டரைத் தள்ளுபடி செய்துவிட்டு அதே பெயரை வைத்திருக்கிறீர்கள். தோவாளைச் சந்தையில் ஒரு முழம் பூ கேட்டால் கையளவு கிள்ளிக் கொடுத்து முழம் என்று சொல்ல முடியுமா? அந்த இடத்திலேயே சண்டை வந்துவிடும்.

நான் கேட்பவை இவை. இந்த ஆண்டே 21 கிலோமீட்டர் ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பாதையைச் சைக்கிள் முறையில் அளந்து, அளந்த தாளை ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். நாகர்கோவிலிலேயே ஒரு சுற்று சேர்த்தால் காணாமல்போன 1,340 மீட்டர் கிடைத்துவிடும், வழியும் வரைந்து தருகிறேன். ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து மணி, கொடியை ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அசைக்கட்டும், அந்த நேரத்தில் அவர் விழித்திருப்பார். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, சுசீந்திரத்திலும் கொட்டாரத்திலும் ஐஸ் தொட்டி, தொட்டி அருகில் பயிற்சி பெற்ற செவிலியர், ஓட்டத்தின் பின்னாலேயே வரும் ஆம்புலன்ஸ். மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் 21 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்காதீர்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தாராளமாக நடத்துங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சென்ற ஆண்டுச் சான்றிதழில் இருந்த தூரம் தவறு, தவறு ஓடியவர்களுடையது இல்லை, நடத்தியவர்களுடையது என்று குழுவின் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதி அந்தப் பையனிடம் கொடுங்கள். அவனை அழைத்தவர்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். தபாலில் போடாமல் அவன் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்தால் நல்லது. மீன் அண்ணாச்சிக்கு அன்று ஐஸ் போனதால் சாளை கெட்டு எவ்வளவு நட்டம் என்று நான் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். நீங்கள் கேட்டால் ஒருவேளை சொல்வார்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அதுவரை எந்தத் தட்டியிலும் என் பெயரைப் போடாதீர்கள், போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். ஜோன்ஸ் எண்ணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாதையை அளக்க எந்த ஞாயிறு வசதி என்று சொல்லுங்கள், உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் பைக்கில் பின்னால் வந்தால் போதும். விடிய நான்கு மணிக்குத் தொடங்க வேண்டும். டயருக்கு நான் முந்தின இரவே காற்றடித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெடுந்தூர ஓட்டக்காரன்,
குலசேகரம்